ஞானஸ்நானச் சான்றிதழ்: பழையது ஏன் செல்லாது?

கேள்வி: மகனுக்குக் கலியாணம் பேசியிருக்கிறோம். குழந்தையில் எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் கையில் இருக்க, பங்குத்தந்தை புதிது கேட்கிறார். ஏன்? – வாசகி, குருநகர்

பதில்: உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம் எல்லாம் பின்னர் ஞானஸ்நானப் பதிவேட்டிலேயே குறிக்கப்படும். பழைய தாளில் அவை இரா. மகன் மணமாகாதவர் என்பதற்கு அந்தப் பதிவே சான்று. ஆகவே பொதுவாக ஆறு மாதத்துக்குள் எடுத்த பிரதி கேட்பார்கள். இப்போதைய பங்கில் அல்ல, ஞானஸ்நானம் பெற்ற பங்கிலேயே விண்ணப்பியுங்கள். பிறந்த திகதி, பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களைக் கொடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்தால் பதிவு அகப்படாது.

இடப்பெயர்வில் பதிவேடு அழிந்திருந்தாலும் கலங்காதீர்கள். எவருக்கும் பாதகமில்லையெனில் ஞானஸ்நானம் நடந்ததற்கு நம்பகமான ஒரு சாட்சி போதும் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 876. அப்படிச் சாட்சி சொல்ல ஞானத்தாயை இப்போதே தேடிப் பேசுங்கள். திருமணம் முடிந்ததும் ஞானஸ்நானப் பங்குக்கு அறிவித்தல் போனதா என்று கட்டாயம் விசாரியுங்கள்.