டிராக்டர் டயர்: சைடுவால் கிழிந்தால் வீட்டிலேயே ஒட்டலாமா?

கேள்வி: பின்டயர் 13.6-28. வேலியோரம் உழும்போது சீமைக் கருவேலங்கட்டை குத்தி, சைடில் நாலு விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. காற்று இறங்கவில்லை. ஆனால் உள்ளே நூல் தெரிகிறது. நானே ஒட்டிக்கொள்ளலாமா?
*– வாசகர், விளாத்திகுளம்*

பதில்: நூல் தெரிகிறதா, அறுந்திருக்கிறதா? எல்லாம் இதைப் பொறுத்துத்தான். காற்றின் அழுத்தத்தையும் வண்டியின் பாரத்தையும் தாங்குவது உள்ளே பல அடுக்காக, ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும் நைலான் நூல்தான். வெளியே தெரியும் ரப்பர் அந்த நூலுக்கு மழையும் சேறும் படாமல் காக்கிறது, அவ்வளவே.

வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதும் இறக்குங்கள். வெட்டுவாயை விரலால் விரித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் தடவினால், அறுபடாத நூல் வரிவரியாக, விறைப்பாக நிற்கும். அறுந்த நூல் பஞ்சு மாதிரி பிசிர்விட்டு எழும்பும். கூர்மையான குத்தூசியால் நோண்டிப் பார்க்க வேண்டாம். நல்ல நூலையும் நீங்களே அறுத்துவிடுவீர்கள்.

நூல் முழுதாக இருந்தால் வீட்டு வேலை போதும்; அறுந்திருந்தால் அடுத்த பதிலைப் பாருங்கள். தொங்கும் ரப்பர்த் துணுக்குகளைக் கூர்மையான கத்தியால் சாய்வாகச் சீவி எடுங்கள். கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ரப்பரில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வெட்டும். வெட்டின் வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்க வேண்டும். செங்குத்தாக விட்டால், சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு மடிப்பிலும் அடிமுனை மேலும் பிளந்துகொண்டே போகும். பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். ஈரம் இருந்தால் எதுவும் ஒட்டாது. ஓரத்து ரப்பரை மட்டும் 60-ம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேயுங்கள். நூலின்மேல் உப்புத்தாளோ கம்பி பிரஷோ படக்கூடாது.

நிரப்புவதற்கு, கார் முன்கண்ணாடி ஒட்டப் பயன்படும் கருப்பு பாலியூரிதேன் சீலண்ட் போதும். காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி வளையும் என்பதுதான் அதில் நமக்கு வேண்டிய குணம். அடியில் காற்று தங்காமல் அழுத்தி நிரப்பி, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் மேலே வழித்துவிடுங்கள். காற்றில் உள்ள ஈரத்தை வாங்கித்தான் அது இறுகும். ஒரு நாளைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் காயும். ஒரு சென்டிமீட்டர் ஆழ வெட்டு என்றால் மூன்று, நான்கு நாள் வண்டியை எடுக்காதீர்கள். மேலே தோல் கட்டிவிட்டதே என்று மறுநாளே உழவுக்குப் போனால் உள்ளிருக்கும் களிம்பு பிதுங்கிவிடும்.

இது டயருக்குப் பலம் கொடுக்காது; தண்ணீரும் மண்ணும் நூலுக்குள் ஏறாமல் அடைப்பது மட்டும்தான். ஆனால் அந்த அடைப்பு இல்லாவிட்டால், ஈரமும் மணலும் நூலோடு உள்ளே போய் அடுக்குகளைப் பிரித்துவிடும். வெட்டு சிறிதாக இருக்கும், டயர் பக்கத்தில் உப்பி நிற்கும்.

கேள்வி: சேற்றுழவில் வரப்புக் கல் குத்தி, பின்டயர் சைடில் ஒன்றரை அங்குலத்துக்கு ஓட்டையே விழுந்துவிட்டது; டியூபும் போச்சு. உள்ளே கன்வேயர் பெல்ட் துண்டை வைத்து, நாலு போல்ட் போட்டு முடுக்கிவிடலாம் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.
*– வாசகர், மன்னார்குடி*

பதில்: வேண்டாம். நாலு போல்ட்டுக்கு நாலு துளை போட்டால், நல்ல நூலை இன்னும் நாலு இடத்தில் அறுக்கிறீர்கள். சைடுவால் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும் இடம்; விறைப்பான பெல்ட்டின் ஓரமும் போல்ட் தலையும் டியூபைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டை போடும்.

நூல் அறுந்த இடத்துக்கு உள்பக்கம் நூல் வைத்த டயர் பேட்ச்தான் மருந்து. டியூபுக்கு ஒட்டும் வெறும் ரப்பர் பேட்ச் இதற்கு ஆகாது. முதலில் டயர் எந்த ரகம் என்று பாருங்கள். 13.6-28 என்று நடுவில் கோடு மட்டும் இருந்தால் சாதா டயர். கோட்டுக்குப் பதில் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ரேடியல். இரண்டுக்கும் பேட்ச் வேறு. மாற்றி ஒட்டினால் ஓரத்தில் கிழியும்.

சக்கரத்தில் தண்ணீர் நிரப்பியிருந்தால் வால்வைக் கீழே கொண்டுவந்து முதலில் வடியுங்கள். நூறு லிட்டருக்கு மேல் நிற்கும். அந்தப் பாரத்தோடு சக்கரத்தைக் கழற்றி உருட்டுவது ஆபத்து. ஜாக்கி வைக்கும் முன் முன்சக்கரங்களுக்கு அடை கொடுங்கள். முன் அச்சு நடுவில் ஊசலாடும் அமைப்பு என்பதால், அதற்கும் சட்டத்துக்கும் நடுவே இரு பக்கமும் மரக்கட்டை ஆப்பு செருகுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரு பின்சக்கரம் தூக்கியதும் வண்டி சாய்வது இதனால்தான். தூக்கியதும் பின் அச்சுக்கு அடியில் கட்டை அடுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது.

டயரைக் கழற்றியதும் பிசிரிட்ட நூல் முனைகளை வெட்டிச் சீராக்குங்கள். பேட்சை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வெளியே வரை உள்ரப்பரைத் தேய்க்க வேண்டும். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கையில் இருக்கிறதே என்று ஆங்கிள் கிரைண்டரை எடுக்காதீர்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும் அந்தக் கருவி ரப்பரைக் கருக்கிவிடும். கருகிய பரப்பில் சொல்யூஷன் பிடிக்காது. 5,000 சுற்றுக்குக் கீழ்தான் வேண்டும். டிரில் மிஷினில் கம்பி பிரஷ் மாட்டினால் சரியாக இருக்கும். வெல்வெட் துணி மாதிரி மங்கலாக வந்ததும் நிறுத்துங்கள். நூல் தெரியும்வரை தேய்த்தால் வெட்டோடு இன்னொரு காயமும் சேர்ந்துவிடும். தூசியை உலர்ந்த பிரஷால் துடையுங்கள்.

வல்கனைசிங் சொல்யூஷனை மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்வரை காய விடுங்கள். வெயில் நாளில் 10, 15 நிமிடம் ஆகும்; ஐப்பசி மழையில் அரை மணியும் ஆகலாம். ஈரத்தோடு ஒட்டினால் ஆவி உள்ளே அடைபட்டுக் கொப்புளம் கட்டும். ஒட்டும்போது டயரின் வாயை விரித்துப் பிடிக்காமல், அது இயல்பாக இருக்கும் நிலையிலேயே ஒட்ட வேண்டும். விரித்து ஒட்டிய பேட்ச், டயர் பழைய நிலைக்கு வந்ததும் சுருங்கி எழும்பும். சாதா டயர் பேட்சில் போட்டிருக்கும் அம்புக்குறி ரிம்மில் உட்காரும் ஓரங்களை நோக்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே தையல் ரோலரால் (பேட்சை அழுத்தும் சிறு பல்சக்கரம்) இடைவெளி விடாமல் அழுத்துங்கள். வெளி ஓட்டையை முன் பதிலில் சொன்னபடி அடைத்து, உள்ளே டால்கம் பவுடர் தூவி, புது டியூபைப் போடுங்கள்.

மாட்டும்போது ஓரத்துக்குச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்; கிரீஸ், டீசல் வேண்டாம். ஓரம் ரிம்மில் உட்கார 35 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றவே கூடாது. உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, மறுபடி சோப்பு தடவி ஏற்றுங்கள். சைடுவாலுக்கு நேரே எதிரில் நிற்காமல் தள்ளி நில்லுங்கள்.

இந்த டயர் வயலுக்கு ஆகும். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு தார்ச்சாலையில் வேகமாகப் போக ஆகாது. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஓட்டை என்றாலோ, ரிம் ஓரத்துக்குப் பக்கத்தில் என்றாலோ வீட்டில் தொடாதீர்கள். சூடு வைத்து ஒட்டும் வல்கனைசிங் கடைக்கு எடுத்துப்போங்கள். ரிம் ஓரக் கம்பியே அறுந்திருந்தால் கடைக்காரரும் கைவிரிப்பார்.

கேள்வி: எம்-சீல், ஃபெவிக்விக், பெட்ரோல் கழுவல் – இவையெல்லாம் எப்படி?
*– வாசகர், பாலக்கோடு*

பதில்: முதல் இரண்டும் கல்லாக இறுகுபவை; மடியும் ரப்பரில் ஒரே நாளில் விளிம்போடு பெயர்ந்து வரும். பெட்ரோல் ரப்பரை ஊற வைக்கும். டீசல் அதைவிட மோசம், எண்ணெய்ப் படலம் அங்கேயே தங்கிவிடும். ஊசியால் செருகும் பஞ்சர் திரியும் சைடுக்கு ஆகாது. அது தரையில் படும் பட்டன் பகுதிக்கு மட்டும்.

கேள்வி: வெட்டு எதுவும் இல்லை, ஆனால் சைடில் எலுமிச்சை அளவு உப்பல். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாமா?
*– வாசகர், விழுப்புரம்*

பதில்: குத்தாதீர்கள். உள்ளே நூல் அறுந்து அல்லது அடுக்கு பிரிந்துதான் அது உப்பியிருக்கிறது. குத்தினால் தண்ணீர் உள்ளே போக வழி கிடைக்கும். கரும்பு லோடு அடிக்கும் வண்டி என்றால் இன்றே கழற்றுங்கள்.

கேள்வி: ஆறு மாதம் நின்ற வண்டி, சைடு முழுக்க மயிரிழை வெடிப்பு. பழைய இன்ஜின் ஆயில் தடவலாமா?
*– வாசகர், பரமக்குடி*

பதில்: ஆயில் ரப்பரை ஊதிப்போகச் செய்யும். ரப்பரில் கலந்திருக்கும் மெழுகு, டயர் ஓடி மடியும்போதுதான் மேலே வந்து காக்கும். நின்ற வண்டியில் அது வருவதில்லை; வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் வேலையைக் காட்டுகின்றன. நகத்தால் நிரடினால் சிக்காத அளவு வெடிப்பு என்றால் கவலை இல்லை. நிழலில் நிறுத்தி, அச்சுக்குக் கட்டை கொடுத்துப் பாரத்தை இறக்குங்கள். காற்று குறைவாக வைத்து ஓட்டினாலும் சைடு வெடிக்கும். மேனுவலில் உள்ள அளவைக் கேஜ் வைத்தே பாருங்கள். காலால் உதைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது.

கேள்வி: முன்டயர் 6.00-16 சைடில் நூல் அறுந்துவிட்டது. பின்டயர் மாதிரியே பேட்ச் போடலாமா?
*– வாசகர், தாராபுரம்*

பதில்: போடாதீர்கள். அது வெடித்தால் ஸ்டீயரிங் கையை மீறி ஒரு பக்கம் இழுக்கும். வரப்போ வாய்க்காலோ பக்கத்தில்தான் இருக்கும். பின்டயரோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு, புதிதாகவே வாங்கி மாட்டுங்கள்.