ஆப்பிரிக்காவைப் படிக்க எங்கே தொடங்குவது?

"பி.ஏ. சமூகவியல் முடித்திருக்கிறேன். இன்றைய ஆப்பிரிக்கச் சமூகங்களைப் பற்றி வெளிநாட்டில் முதுகலை படிக்க ஆசை. வரலாறு, பொருளாதாரம், மானுடவியல் எல்லாம் கலந்த பாடத்திட்டம், அப்புறம் களப்பணி என்கிறார்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படித்து, எதிலும் ஆழமில்லாமல் போய்விடுமோ?" என்று திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்.

நியாயமான பயம். ஆனால், 54 நாடுகள் உள்ள கண்டத்தை மொத்தமாகப் படிக்கக் கிளம்புகிறவர்களுக்குத்தான் அப்படி நேரும். ஓர் ஊர், ஒரு மொழி, ஒரு கேள்வி என்று தேர்ந்துகொண்டால், பல துறைகளும் அந்தக் கேள்விக்காகவே தேவைப்படும்.

கென்யத் தலைநகர் நைரோபியின் கிகோம்பா சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாடுகளில் உடுத்திக் கழித்த துணிகள் கட்டுக்கட்டாக வந்து விற்கும் இடம். அந்தத் துணிகளை 'மிதும்பா' என்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஒரு பெண் ஒரு துணிக்கட்டை வாங்குகிறார். அந்தத் துணிவு எங்கிருந்து வருகிறது? முதலீட்டைக் கேட்டால் 'சாமா' என்ற சேமிப்புக் குழுவைச் சொல்லக்கூடும். நம் ஊர்ச் சீட்டு போன்றது. அது மானுடவியல். உள்ளூர் நெசவாலைகள் ஏன் நொடித்தன என்பது வரலாறு. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2016-இல் இந்த இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தன. தன் சந்தைக்கு அனுப்பும் பொருள்களுக்கான வரிச்சலுகை போய்விடும் என்று அமெரிக்கா நெருக்கியதும் மற்றவை பின்வாங்கின. உறுதியாக நின்ற ருவாண்டா 2018-இல் ஆடைகளுக்கான சலுகையை இழந்தது. இது பன்னாட்டு அரசியல். ஒரு துணிக்கட்டுக்குள் இத்தனையும் இருக்கிறது.

சரி, மொழி. ஆங்கிலம் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சந்தையில் பேச ஸ்வாஹிலி வேண்டும். 'நினாகுபெண்டா' என்ற ஒரே சொல்லுக்குள் 'நான் உன்னை நேசிக்கிறேன்' அடங்கிவிடும். நாம் வினைக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். தமிழ்க் காதுக்கு இது சீக்கிரம் பழகும். விண்ணப்பிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது களப்பணி எத்தனை மாதம், அங்கே உள்ளூர் நெறியாளர் யார் என்று கேளுங்கள். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உள்ள இரண்டாண்டு ஆய்வு முதுகலையில் ஏறக்குறைய அரை ஆண்டு களத்துக்கு ஒதுக்குகிறார்கள். இரண்டே வாரத்தைக் களப்பணி என்று சொல்லும் படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. கானாவின் லெகோனில் 1963-இல் அந்நாட்டின் முதல் அதிபர் குவாமே இன்க்ருமா திறந்துவைத்த ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனம் இருக்கிறது. உகாண்டாவின் கம்பாலாவில் மக்கரேரே பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்த மண்ணின் அறிஞர்களிடமே பாடம் கேட்பதற்கு ஈடு கிடையாது. முதலில் இந்தியாவிலேயே தொடங்கிப் பார்க்க நினைத்தால், டெல்லி பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனித் துறை உண்டு.

சுற்றுலா விசாவில் போய்ப் பேட்டி எடுக்காதீர்கள். பேசியவர்களுக்கும் அது சிக்கல். கென்யாவில் தேசிய அறிவியல் ஆணையத்தின் ஆய்வு உரிமம் வேண்டும். அதற்கு உள்ளூர் நிறுவனம் ஒன்றோடு இணைந்திருக்க வேண்டும். பல மாதம் முன்பே தொடங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகாரம் பெற்ற மையத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால், இந்திய விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள்.