மகள் கேட்பது வைரஸைப் பற்றி, வீடு தேடுவது மருத்துவ சீட்

அம்மா, மகளுக்கு மருத்துவ இடம் கைநழுவிப் போனதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். வேதனை புரிகிறது. ஆனால் வீட்டை அடமானம் வைத்தாவது ஒரு சீட் வாங்கிவிடலாம் என்று அவள் பெரியப்பா சொல்வதற்கு நான் தலையாட்ட மாட்டேன். கடனை அடைக்கப்போவது அவர் இல்லை, படிக்கப்போவதும் அவர் இல்லை.

காய்ச்சலில் படுத்திருந்தபோது, "மருந்தே இல்லாத வைரஸ் காய்ச்சல் தானாக எப்படி இறங்குகிறது?" என்று மகள் கேட்டதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். நர்சிங், பார்மஸி எல்லாம் உறவினர்களே சொல்லியிருப்பார்கள். உடல் நோயை எப்படி எதிர்க்கிறது என்று படிக்கும் நோயெதிர்ப்பியல் ஆராய்ச்சியை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவள் கேள்விக்கான பதிலில் கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் என்ற செல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. 1882-இல் மெச்னிகாஃப் என்ற உயிரியலாளர் நட்சத்திர மீனின் இளம்புழுவுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. விழுங்கும் செல்களைப் பற்றிய அந்த ஆய்வுக்கு 1908-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் நுரையீரலின் காற்றறைகளிலேயே மேக்ரோபேஜ்கள் குடியிருக்கின்றன. வைரஸையும், அதனால் செத்த செல்களையும் விழுங்கிச் செரிக்கின்றன. வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவை இனம்கண்டு, இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கின்றன. அது எட்டியதும் பக்கத்துச் செல்கள் வைரஸ் எளிதில் பெருக முடியாதபடி தங்களை மாற்றிக்கொள்கின்றன. எலிகளில் இந்த நுரையீரல் மேக்ரோபேஜ்களை அகற்றினால் இன்ஃப்ளூயன்சா கடுமையாகிறது. ஆனாலும் எச்ஐவி இதே செல்லுக்குள் பதுங்குகிறது, டெங்கு வைரஸ் இதற்குள்ளேயே பெருகுகிறது. காக்கும் செல் எப்போது வைரஸுக்கு இடம் கொடுக்கிறது என்பதில் இன்னும் வேலை நிறைய பாக்கி இருக்கிறது.

அந்த வேலை எப்படி இருக்கும்? ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களைப் பிரித்து, செல் வளரத் தூண்டும் புரதமான வளர்ச்சிக் காரணியைச் சேர்த்து, 37 டிகிரியில் சுமார் ஒரு வாரம் வளர்த்தால் மேக்ரோபேஜாக மாறித் தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வைரஸைச் சேர்த்து, எவ்வளவு மிஞ்சியது என்று பார்க்க வேண்டும். தட்டில் செல்களின் மேல் இருக்கும் திரவத்தை எடுத்து வேறொரு செல் படலத்தின் மேல் விட்டால், சில நாளில் வைரஸ் கொன்ற இடமெல்லாம் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். நடுவில் பூஞ்சை புகுந்துவிட்டால் அத்தனையும் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதையும் மறைக்காமல் அவளிடம் சொல்லுங்கள். கேட்ட பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் சரி, தாராளமாக விடுங்கள்.

உயிர்வேதியியல் அல்லது நுண்ணுயிரியலில் இளநிலை, பிறகு முதுநிலை, முனைவர் பட்டம். புள்ளியியலும் கூடவே வேண்டும். பாதை நீளம்தான். ஆனால் பல நாடுகளில் முனைவர் பட்ட மாணவருக்கு உதவித்தொகை உண்டு. முதுநிலையோடு நிறுத்தினாலும் தடுப்பூசித் தயாரிப்பு, நோயறியும் ஆய்வகம் என்று வழி இருக்கிறது.

செலவில் மட்டும் கறாராக இருங்கள். சேரும் முன் ஆய்வகத்தை நேரில் பாருங்கள், அங்கே படிக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். மாணவர் கையால் செல் வளர்க்க விடாத கல்லூரிக்குப் பெரிய கட்டணம் வேண்டாம். பாடத்திட்டமும் கட்டணப் பட்டியலும் கைக்கு வந்து, அவள் வாயால் சம்மதம் சொல்லும்வரை யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.