சீனப் பள்ளியில் இங்கிலீஷ்: பிள்ளை எங்கே வழுக்கும்?

தம்பி, "மகளை ஹாங்சோவில் உள்ளூர் சீனப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்க்கிறோம். இங்கிலீஷைக் குறைத்துவிட்டார்களாமே, அவளுக்கு இருக்கிறதும் போய்விடுமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

குறைத்தது என்பது பள்ளி வகுப்பைவிட டியூஷனுக்குத்தான் பொருந்தும். இங்கே இங்கிலீஷ் அரசாங்கம் ஏற்றி இறக்கும் பாடம். 1954-இல் கீழ் நடுநிலைப் பள்ளிகளில் அந்நிய மொழியையே நிறுத்தினார்கள். அப்போது மவுசு ரஷ்ய மொழிக்கு. 1977-இல் காவ்காவ் எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு திரும்பி வந்தபோதும் இங்கிலீஷுக்கு முழு மதிப்பில்லை. 1980-இல் இங்கிலீஷில் எடுத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடுதான் மொத்தத்தில் சேர்ந்தது, 1983-இல்தான் முழு மதிப்பெண்ணும் சேர்ந்தது. 2001-இல் மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கச் சொன்னார்கள். 2021 ஜூலையில் டியூஷனுக்குக் கடிவாளம் போட்டார்கள்: பாடங்களுக்கு வார இறுதி, விடுமுறை வகுப்புகள் கூடாது, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர் ஆன்லைனில் நடத்துவதும் கூடாது. 2022 பாடத்திட்டத்தில் மொத்த வகுப்பு நேரத்தில் அந்நிய மொழிக்கு 6 முதல் 8 விழுக்காடு, உடற்பயிற்சிக்கு 10 முதல் 11! ஆனால் காவ்காவில் 750-க்கு 150 இன்னும் இங்கிலீஷுக்கே. அதனால் எந்தப் பள்ளியும் அதை அசட்டையாக விடாது.

நம்மூரில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளை இந்தப் பாடத்தில் முதலில் தடுக்குவது சீன மொழியில்தான். டிங்ஷியே என்று அடிக்கடி சொல்லெழுதல் வைப்பார்கள். பல ஆசிரியர்கள் சீன அர்த்தத்தைச் சொல்வார்கள், பிள்ளை இங்கிலீஷ் சொல்லை எழுத வேண்டும். வொர்க்ஷீட்டிலும் அதே கதை. குறிப்பைச் சீன எழுத்தில் கொடுத்தால், சரளமாகப் பேசுகிற பிள்ளைக்கும் முட்டைதான். விளக்கமும் பெரும்பாலும் சீனத்தில்.

இதற்கு வழி புத்தகத்தின் பின்பக்கச் சொல்பட்டியல். சேர்ந்ததும் அட்டையில் எந்தப் பதிப்பகம் என்று பாருங்கள். ஊருக்கு ஊர் பாடப்புத்தகம் மாறும். கல்வி அமைச்சின் ஸ்மார்ட் கல்வித் தளத்தில் அதே புத்தகம் இலவசமாக இருக்கிறது. மக்கள் கல்விப் பதிப்பகத்தின் தொடக்கப் பள்ளிப் புத்தகமானால் தடித்த எழுத்துச் சொற்களைப் பிழையில்லாமல் எழுதத் தெரிய வேண்டும், மற்றவை பார்த்தால் புரிந்தால் போதும். தினம் ஐந்தாறு சொல், சீனப் பொருளோடு, வகுப்பில் பாடம் தொடங்குமுன்பே. பாடத்தை அப்படியே ஒப்பிக்கச் சொல்வதும் உண்டு. நம்மூர்ப் பிள்ளைக்கு அது ஒன்றும் புதிதல்ல.

அடுத்தது கையெழுத்து. நம் பள்ளிகளில் பழக்கும் சேர்த்தெழுத்து இங்கே எடுபடாது. பெரிய தேர்வுகளில் விடைத்தாளை ஸ்கேன் செய்து திரையில் திருத்துகிறார்கள். அச்செழுத்துபோல் தனித்தனியாக, உருண்டையாக எழுதுவதையே விரும்புகிறார்கள். கட்டத்துக்கு வெளியே எழுதினால் அது கணக்கிலேயே வராது. வட்டம் நிரப்ப 2பி பென்சில், எழுத 0.5 மில்லிமீட்டர் கறுப்புப் பேனா; இப்போதே பழக்கிவிடலாம்.

இருக்கிறது போய்விடுமா என்றால், பள்ளியை மட்டும் நம்பினால் தேங்கும். தொடக்கப் பள்ளி முடிவில் அவர்கள் எதிர்பார்ப்பது சில நூறு சொற்களே. ஊரிலிருந்து வரும்போது அவள் வயதுக்கான இங்கிலீஷ் கதைப்புத்தகங்களைப் பெட்டியில் போட்டு வாருங்கள். தினம் அரைமணி அவளே வாசிக்கட்டும். டியூஷனுக்குப் பணம் கொடுப்பதானால் சீன மொழிக்குக் கொடுங்கள்.