தோல் டாக்டர் பதில்கள்: ‘கொஞ்சம்தானே இருக்கு?’

கேள்வி: எனக்கு 36 வயது. இரண்டு உள்ளங்கையிலும் விரல் முட்டிகளிலும் தலையிலும் சொரியாசிஸ், தோல் படை படையாகச் செதில் உதிர்கிறது. தாதரில் வண்டி மாறி அந்தேரிக்கு வேலைக்குப் போகிறேன். ரயிலில் மேலே கைப்பிடியைப் பிடித்தால் பக்கத்தில் நிற்பவர் என் விரலைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொள்கிறார். கறுப்புச் சட்டை போடுவதை விட்டே பல வருடம் ஆச்சு. போன மாதம் மாட்டுங்காவில் சொந்தக்காரர் கல்யாணம். ரசம் சாதத்தைப் பிசைந்தால் வெடிப்பில் புளி பட்டு உயிர் போகும், பந்தியில் ஸ்பூன் கேட்டால் நாலு பேர் காரணம் கேட்பார்கள், அதனால் போகவே இல்லை. ஆனால் என் டாக்டர், “மூணு பர்சென்ட்கூட இல்லை, இதுக்கா இவ்வளவு கவலை?” என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
– பெயர் வேண்டாம், சயான் கோலிவாடா

பதில்: இல்லை தம்பி, நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை. அந்த மூன்று சதவீதக் கணக்கு எப்படி வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விரல்களோடு சேர்த்து உங்கள் ஒரு கை உடம்பின் மொத்தத் தோலில் சுமார் ஒரு சதவீதம், அதை வைத்துத்தான் படை எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்குப் போடுகிறோம். பரப்பளவுக்கு அது சரியான கணக்குதான். ஆனால் சாப்பிடுவதும் எழுதுவதும் குழந்தையைத் தூக்குவதும் அந்த ஒரு சதவீதத்தால்தானே? முதுகில் இதைவிடப் பெரிய படை இருப்பவர் சட்டையை மாட்டிக்கொண்டு நிம்மதியாக வேலைக்குப் போய்விடுவார், உள்ளங்கையை எங்கே கொண்டுபோய் மறைப்பது? அதனால்தான் உள்ளங்கை, பாதம், முகம், தலை, நகம், பிறப்புறுப்பு இந்த இடங்களில் வந்தால் அளவு குறைவாக இருந்தாலும் மாத்திரை, ஊசி வரை யோசிக்கலாம் என்று சொரியாசிஸ் நிபுணர்களே சொல்கிறார்கள்.

இன்னொரு அளவுகோலும் இருக்கிறது, டிஎல்க்யூஐ என்று பெயர். 1994-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரத் தோல் மருத்துவர்கள் வெளியிட்டது. போன ஒரு வாரத்தைப் பற்றிப் பத்துக் கேள்விகள்: அரிப்பும் வலியும் எவ்வளவு, கூச்சமாக இருந்ததா, எந்தத் துணி உடுத்துவது என்பதைத் தோல் முடிவு செய்ததா, நாலு பேரோடு பழக முடிந்ததா, வேலை கெட்டதா, தாம்பத்தியத்தில் சிக்கலா, மருந்து போடுவதே ஒரு பெரிய வேலையாகிவிட்டதா என்று போகும். மொத்தம் 30 மதிப்பெண். பத்துக்கு மேல் போனால் நோய் வாழ்க்கையை மிகவும் பாதிக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை போகும்போது இந்தக் கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடச் சொல்லுங்கள், இங்கே எழுதிய ரயில், கல்யாணம் எல்லாவற்றையும் அப்படியே அவரிடமும் சொல்லுங்கள். ஓபிடி-யில், அதாவது வெளிநோயாளிப் பிரிவில், ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது, நோயாளி வாயைத் திறக்காவிட்டால் டாக்டர் கண்ணுக்குத் தெரிந்த படையை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு. சொல்லியும் காதில் வாங்கவில்லை என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள், அதில் தப்பே இல்லை.

ஒருவேளை மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்தால், சொரியாசிஸுக்கு அது வாரத்தில் ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை. மறந்துபோய் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தம், கல்லீரல் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடவே வேண்டாம், அதைத் திடீரென்று நிறுத்தும்போது படை உடம்பு முழுக்கச் சிவந்து வெடிக்கலாம். காலையில் விரல் மூட்டு மடக்க முடியாமல் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகி இருந்தால் அதையும் சொல்லுங்கள். சொரியாசிஸ் இருப்பவர்களில் பத்தில் மூன்று பேர் வரைக்கும் மூட்டையும் பிடிக்கும்.

அப்புறம் ரயிலில் நகர்ந்துகொள்கிறவர் விஷயம். இது யாருக்கும் ஒட்டாது. உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தாறுமாறாக வேலை செய்வதால், ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டிய தோல் சில நாளிலேயே வளர்ந்து செதிலாகக் கொட்டுகிறது, அவ்வளவுதான். ரயிலில் எல்லோருக்கும் இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது, ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். மனசு ரொம்பக் கனத்தால், தூக்கம் கெட்டால், 14416-க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது.

கேள்வி: என் தங்கைக்கு முழங்கையில் சொரியாசிஸ். வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் சொல்லணுமா? அம்மா வேண்டாம் என்கிறார்.
– ஒரு அக்கா, செம்பூர்

பதில்: சொல்லிவிடுங்கள் அம்மா, அதுவும் பையனிடம் உங்கள் தங்கையே நேராகச் சொல்லட்டும். மறைத்துக் கல்யாணம் செய்தால் புது வீட்டில் ஒளிந்து ஒளிந்து மருந்து போட வேண்டிவரும், பாதி நாள் போடாமலே விட்டுவிடுவாள், படை ஏறும். பிள்ளைக்கு வருமா என்று கேட்பார்கள். வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், வந்தே தீரும் என்று இல்லை. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறாள் என்றால் கர்ப்பமாக இருக்கும்போது அது ஆகவே ஆகாது, குழந்தை பெற நினைப்பதற்குச் சில மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும். புருஷனுக்குத் தெரியாமல் அதை எப்படிச் செய்வாள்? அம்மாவிடம் இந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.