கணினி கேள்வி-பதில்: பெயர் ஒன்று, எண் வேறு

கே: மேசைக் கணினி, லேப்டாப் இரண்டிலும் உபுண்டு லினக்ஸ். மேசைக் கணினியில் எஸ்ஆர்வி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் 'படங்கள்' ஃபோல்டரை என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபோல்டர் பகிரும் முறை) வழியாகப் பகிர்ந்திருக்கிறேன். லேப்டாப்பில் படங்கள் திறக்கின்றன. எதையாவது சேமிக்கப் போனால் 'பர்மிஷன் டினைடு'. இரண்டிலும் என் பயனர் பெயர் ஒன்றுதான். சூடோ (நிர்வாகி உரிமையில் கட்டளையை இயக்குவது) போட்டும் பயனில்லை. ஏன்?

ப: வழக்கமான அமைப்பில் என்எஃப்எஸ் பெயரைப் பார்ப்பதில்லை, பயனர் எண்ணைத்தான் பார்க்கும். உபுண்டு முதல் கணக்குக்கு 1000, அடுத்ததற்கு 1001 என்று எண் கொடுக்கும். இரண்டு கணினியிலும் டெர்மினலில் 'ஐடி' என்று அடித்துப் பாருங்கள். மேசைக் கணினியில் வீட்டில் வேறொருவருக்கு முதலில் கணக்குத் திறந்திருந்தால், அங்கே நீங்கள் 1001, லேப்டாப்பில் 1000. ஆக, லேப்டாப்பிலிருந்து போகும்போது நீங்கள் அந்த இன்னொருவர்! படிக்கும் அனுமதி எல்லோருக்கும் உண்டு, அதனால் படம் திறக்கிறது. எழுதும் உரிமை 1001-க்கு மட்டும். சூடோவும் எடுபடாது, ரூட்டாக (நிர்வாகியாக) வருபவரை 'நோபடி' (உரிமை இல்லாத பயனர்) ஆக்கிவிடுவது என்எஃப்எஸ்ஸின் இயல்பு. லேப்டாப்பில் 'எல்எஸ் -எல்என்' கொடுத்தால் பெயருக்குப் பதில் எண் தெரியும், குட்டு வெளிப்படும்.

ஃபோல்டருக்கு 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்துவிடு என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். லேப்டாப்பில் எழுதும் கோப்பெல்லாம் மேசைக் கணினியில் அந்த இன்னொருவர் பெயரில் போய் உட்காரும்; பிறகு அங்கே உங்களாலேயே திருத்த முடியாது.

மேசைக் கணினியின் எட்ஸி ஃபோல்டரில் உள்ள எக்ஸ்போர்ட்ஸ் கோப்பைத் திறங்கள். அந்த ஃபோல்டருக்கான வரியில், அடைப்புக்குறிக்குள் ஆல்_ஸ்குவாஷ், அனான்யூஐடி=1001, அனான்ஜிஐடி=1001 மூன்றையும் கமா போட்டுச் சேருங்கள். கமாவுக்குப் பின் இடைவெளி கூடாது. அதைவிட முக்கியம், 192.168.1.0/24 போன்ற நெட்வொர்க் முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி விழவே கூடாது. விழுந்தால் எழுதும் உரிமை உங்கள் நெட்வொர்க்கை விட்டுவிட்டு, அந்தக் கணினியை எட்ட முடிகிற எல்லோருக்கும் போய்விடும். முடித்ததும் 'சூடோ எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ' கொடுங்கள், மாற்றம் அமலாகும். இனி அந்த நெட்வொர்க்கிலிருந்து யார் எழுதினாலும் உங்கள் பெயரில்தான் சேரும் என்பதால், வந்துபோகிறவர்களுக்குத் தனி வைஃபை வைத்துவிடுங்கள்.

கே: மேசைக் கணினி அணைந்திருந்தால் லேப்டாப் பூட் ஆகவே ஒன்றரை நிமிடம் எடுக்கிறது. ஆனபின் ஃபைல் மேனேஜரும் உறைகிறது.

ப: லேப்டாப்பின் எட்ஸி ஃபோல்டரில் உள்ள எஃப்எஸ்டேப் (எவற்றை இணைப்பது என்ற பட்டியல்) கோப்பில், அந்த ஃபோல்டருக்கான வரியில் வெறும் 'டிஃபால்ட்ஸ்' இருக்கும். அதற்குப் பதில் 'நோஆட்டோ,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=60' என்று எழுதுங்கள். ஃபோல்டரைத் தொடும்போதுதான் இணையும். 60 விநாடி சும்மா இருந்தால் தானே விலகும். அதே வரியில் 'சாஃப்ட்' சேர்த்தால் உறைந்தே கிடக்காது என்பது உண்மைதான். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் கோப்பு அரைகுறையாக நிற்கும்; படிக்க மட்டும் என்றால் போடலாம்.

நேற்று வரை இணைந்தது இன்று இணையவில்லை என்றால், ரவுட்டர் மேசைக் கணினிக்கு வேறு ஐபி கொடுத்திருக்கும். ரவுட்டர் அமைப்பில் அதன் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒரே ஐபியை ஒதுக்கிவையுங்கள்.

கே: வீட்டில் ஒரு விண்டோஸ் லேப்டாப்பும் உண்டு. அதற்கும் இதுவேவா?

ப: அதற்கு சாம்பா (விண்டோஸோடு ஃபோல்டர் பகிரும் மென்பொருள்). உபுண்டு பாஸ்வேர்டு அங்கே செல்லாது. 'சூடோ எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி -ஏ' என்று அடித்து, பின்னால் பயனர் பெயரும் சேர்த்த கட்டளையில் தனியாக ஒன்று வைக்க வேண்டும்.