டேட்டிங் ஆப்புக்கு ஆதார் கொடுக்கலாமா? பெங்களூரு நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

பி.டி.எம். லேஅவுட்டிலிருந்து: வெரிஃபை பண்ணச் சொல்கிறது. செல்ஃபி வீடியோ, அடையாள அட்டை இரண்டும் கேட்கிறது. எதைக் கொடுக்க?

செல்ஃபி வீடியோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்றிய போட்டோவும் உங்கள் முகமும் ஒன்றா என்று பார்க்க அது போதும்; முகவரி போகாது. ஆனால் முக அளவுகளை எண்களாக்கிச் சேமிப்பார்கள். பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், முகத்தை மாற்ற முடியாது. ஆகவே பிரைவசி பாலிசியில் முகத் தரவு எத்தனை நாள் இருக்கும், சரிபார்ப்பது வெளி நிறுவனமா என்று தேடுங்கள். இரண்டும் எழுதியில்லை என்றால் சரிபார்த்ததற்கு அடையாளமாகத் தரும் நீல டிக்கே வேண்டாம்.

"பார்த்ததும் அழித்துவிடுவோம்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் டீ என்ற ஆப்பும் அப்படித்தான் சொன்னது. 2025 ஜூலையில் அங்கிருந்து சுமார் 72,000 படங்கள் கசிந்தன. அவற்றில் ஏறக்குறைய 13,000 படங்கள் சரிபார்ப்புக்குக் கொடுத்த செல்ஃபிகளும் அடையாள அட்டைகளும்.

கோரமங்களாவிலிருந்து: மேட்ரிமோனி தளம் அட்டை இல்லாமல் விடாது என்கிறது. மாஸ்க் ஆதார் போதுமா சார்?

திருமணத் தளங்கள் அடையாளச் சான்று வாங்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலே சொல்கிறது. அதற்காக ஆதார்தான் என்றில்லை. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் முகவரி கிடையாது, அது கடைசிப் பக்கத்தில்தான். முதல் பக்கம் மட்டும் கொடுங்கள்.

ஆதார்தான் வேண்டும் என்றால் மைஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு நுழைந்து, டவுன்லோடு செய்யும்போது மாஸ்க் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். பி.டி.எஃப். பாஸ்வேர்டு, பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. 12 இலக்கத்தில் முதல் 8 மறைந்திருக்கும்.

பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். முகவரி அப்படியே நிற்கிறது, க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் படம், பிறந்த தேதி, முகவரி எல்லாம் வரும். பி.ஜி.யில் இருப்பவர்களின் ஆதாரில் பெரும்பாலும் சொந்த ஊர் வீடுதான் இருக்கும். மிரட்டுபவன் அம்மா அப்பா வாசலுக்கே போக அது போதும். எனவே முகவரியையும் க்யூ.ஆரையும் மறையுங்கள். போனில் ஹைலைட்டர் பேனாவால் பூசாதீர்கள், வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரியும். நிறைந்த கறுப்புக் கட்டம் வைத்து, பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதையே அனுப்புங்கள், பி.டி.எஃப்.பில் வைத்த கட்டத்தை நகர்த்திவிடலாம். படத்தின் குறுக்கே "இந்தத் தளச் சரிபார்ப்புக்கு மட்டும்" என்று தளத்தின் பெயரும் தேதியும் எழுதுங்கள். ஏற்க மறுத்தால் வேறு ஆவணம் கேளுங்கள்.

அல்சூரிலிருந்து: எதிரில் இருப்பவருக்கு நீல டிக் இருக்கிறது. நம்பலாமா?

செல்ஃபி டிக் என்றால் முகம் அவருடையது, அவ்வளவுதான். வேலை, வயது, கல்யாணம் ஆனவரா என்பதெல்லாம் அதில் தெரியாது.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: பேசிக்கொண்டிருந்தவர் "பாதுகாப்புக்காக இங்கே வெரிஃபை பண்ணுங்க" என்று லிங்க் அனுப்பினார். கார்டு எண் கேட்கிறது.

மூடுங்கள். சரிபார்ப்பு ஆப்பின் செட்டிங்ஸுக்குள்தான் நடக்கும், சாட்டில் வரும் லிங்க்கில் அல்ல. இலவசம் என்று சொல்லிக் கார்டு வாங்கி மாதாமாதம் பணம் எடுப்பது இந்த மோசடியின் வழக்கம். கார்டு எண் போட்டுவிட்டிருந்தால் வங்கியில் சொல்லி உடனே பிளாக் செய்யுங்கள், சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கும் அழையுங்கள்.

ஜெயநகரிலிருந்து: ஆதாரை முன்பின் இரண்டு பக்கமும் ஏற்றிவிட்டேன் சார். இப்போது என்ன செய்ய?

பதறாதீர்கள். ஆப்பை உடனே அழிக்கவும் வேண்டாம். போனிலிருந்து நீக்கினால் கணக்கு அழியாது. கணக்கை முதலில் அழித்தால் அது உங்களுடையது என்று காட்டுவதே சிரமமாகிவிடும். முதலில் அந்த ஆப்பின் குறைதீர் அதிகாரிக்கு, பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து, அட்டைப் படத்தையும் முகத் தரவையும் அழிக்கச் சொல்லி எழுதுங்கள். 2021 ஐ.டி. விதிகளின்படி 24 மணி நேரத்தில் ஒப்புகையும், 2026 திருத்தத்துக்குப் பிறகு 7 நாளில் தீர்வும் தர வேண்டும். பதில் கைக்கு வந்தபின் கணக்கை நீக்குங்கள்.

அன்றே மைஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி, ஆதாரை யாரேனும் பயன்படுத்தினார்களா என்று கடந்த 6 மாத வரலாற்றைப் பாருங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் என்று பாருங்கள். உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கினார்களா என்று பார்க்க, சிபில் போன்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு அறிக்கை இலவசமாகத் தரும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் ஆண்டு முழுக்கக் கண்காணிக்கலாம்.

யாராவது மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள். சாட், போன் எண், யு.பி.ஐ. ஐ.டி. மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அதன் பிறகே பிளாக் செய்யுங்கள். அந்தப் பிரிண்ட்டோடு உங்கள் பகுதி சி.இ.என். (சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றப் பிரிவு) காவல் நிலையத்துக்குப் போங்கள்.